இருட்டைக் காட்டும் காமிரா

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சிறிய ஸ்டூடியோ. பன்னிரண்டு ஆண்டுகள் பழைய காமிராவில் படம் எடுத்தவர், தவணையில் ஒரு மிர்ரர்லெஸ் காமிரா வாங்கினார். மறுநாள் காலை ஆவடியில் ஒரு பள்ளிக்குப் போய் முந்நூறு மாணவர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க வேண்டும். முதல்நாள் மாலை பிளாஷ் விளக்குகளை நிறுத்தி, காமிராவில் கண்ணை வைத்தார். ஒரே இருட்டு! எதிரே உட்கார்ந்திருந்த பையன் தெரியவே இல்லை. உத்தேசமாகப் பொத்தானை அழுத்தினார். பிளாஷ் மின்னியது. படமோ பளிச்சென்று விழுந்திருந்தது!

"படம் நல்லா வருது, பார்த்தா மட்டும் ஒண்ணும் தெரியலையே தம்பி! திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று உதவியாளனிடம் கேட்டார்.

மாணவர்களே, காமிராவில் கோளாறு ஏதுமில்லை. அது உண்மையைத்தான் சொல்லிற்று. எப்படி என்று பார்ப்போமா?

கண்ணாடி போன கதை

பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்சுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தும்வரை லென்சின் துவாரம் முழுதாகத் திறந்தே இருக்கும். ஆகவே காமிராவில் எந்த அளவை வைத்தாலும் காட்சி ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் வெளிச்சமாகவே தெரியும்.

2008இல் பானசோனிக் ஜி1 காமிரா வந்தது. அதில் இந்தக் கண்ணாடி இல்லை. ஒளி நேரே ஒளியுணரியில் விழுகிறது. உள்ளிருக்கும் சிறு கணினி அதைக் காட்சியாக்கி, கண் வைக்கும் இடத்தில் உள்ள குட்டித் திரையில் காட்டுகிறது. இதுவே மின்னணு வியூஃபைண்டர். இன்றைய மிர்ரர்லெஸ் காமிராக்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. நாம் வைத்த அளவுகளில் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று கணக்கிட்டு, அப்படியே முன்கூட்டிக் காட்டுகின்றன. வெயிலில் இது பெரிய உதவி. ஸ்டூடியோவில்?

ஒரு சிறு கணக்கு

டியூப்லைட் எரியும் அறையில் ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப்/2.8 என்று வைத்தால், நல்ல படத்துக்குச் சுமார் 1/15 விநாடி தேவை. பிளாஷுக்காக நம் ஸ்டூடியோக்காரர் வைத்ததோ எஃப்/8, 1/125 விநாடி. துவாரம் சுருங்கியதால் ஒளி எட்டில் ஒரு பங்காயிற்று; நேரம் குறைந்ததால் மீண்டும் எட்டில் ஒரு பங்கு. 8 × 8 = 64. அறுபத்து நான்கில் ஒரு பங்கு ஒளியில் முகம் எப்படித் தெரியும்?

மின்தேக்கியில் சேர்த்த மின்சாரம் செனான் வாயுக் குழாயில் பாய்வதே பிளாஷ். அது ஒளிர்வது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி. இனி வரப்போகும் அந்த மின்னல் காமிராவுக்குத் தெரியாது. காமிராவின் சொந்த பிளாஷைப் பொருத்தினால் பல காமிராக்கள் தாமே புரிந்துகொள்ளும். ஸ்டூடியோ டிரிக்கரோ பெரும்பாலும் நடுவிலுள்ள ஒரே முனையைத்தான் தொடுகிறது; "இப்போது மின்னு" என்ற செய்தி மட்டுமே அதன் வழியே போகும்.

தீர்வு என்ன?

மெனுவில் இந்த முன்காட்சியை நிறுத்திவிட வேண்டும். உடனே காமிரா திரையைத் தானாகப் பிரகாசமாக்கும். இருட்டறையில் காட்சி பொரிப்பொரியாகத் தெரியலாம்; படத்தில் அது வராது. பிளாஷிலுள்ள மாடலிங் விளக்கைப் போட்டால் அதுவும் குறையும்.

ஆனால் அந்த இருட்டும் வீணல்ல. முன்காட்சியில் திரை கறுப்பாக இருந்தால், டியூப்லைட் ஒளி படத்தில் கலக்காது என்று பொருள். முகத்தின் நிறம் கெடாது. எனவே முதலில் இருட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிறகு முன்காட்சியை நிறுத்துவது நல்ல பழக்கம்.

செய்து பாருங்கள்

கைபேசிக் காமிராவில் 'புரோ' முறை இருந்தால், இரவில் வீட்டுக்குள் ஐ.எஸ்.ஓ. 100, 1/1000 விநாடி என்று வையுங்கள். திரை இருண்டால், மெல்ல 1/15க்கு வாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒளி எத்தனை மடங்காகிறது என்று எழுதிவையுங்கள்.

நம் ஸ்டூடியோக்காரர் என்ன செய்தார்? காமிராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் மதியத்துக்குள் முந்நூறு முகங்களும் படமாகிவிட்டன!