அப்பாவின் சீட்டு, அம்மாவின் போன்

அப்பாவுக்குப் பிரஷர் என்று தெரிந்தது 1988-ல். மாதம் ஒருமுறை டவுனுக்குப் பஸ் ஏறுவார். டாக்டர் மேசையில் பாதரசக் கருவி பெட்டியைத் திறந்து நிற்கும். ரப்பர் குமிழைப் புஸ்புஸ்ஸென்று அழுத்தி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி டாக்டர் கேட்கும் அந்த ஒரு நிமிடம்தான் மாதம் முழுவதற்குமான கணக்கு. 160-க்கு 100 என்று சீட்டில் எழுதி, அடியில் மாத்திரைப் பெயரைக் கிறுக்கித் தருவார். அந்தச் சீட்டு சட்டைப் பையில் வியர்வை குடித்து, மடிப்பில் கிழிந்து, அடுத்த மாதத்துக்குள் பாதியாகிவிடும்.

மாத்திரையும் பாதிதான். "தலை சுத்தலை, ஒண்ணும் இல்லை, எதுக்குடா தினம் விழுங்கணும்?" என்பார். பல்வலி போலப் பிரஷர் ஆளை எழுப்பி உட்கார வைப்பதில்லையே! 1997-ல் ஒரு விடியற்காலை அவருடைய இடது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, "என்ன மாத்திரை சாப்பிடறார்?" வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது அம்மாவுக்கும் பிரஷர்; வயது 74. காபிக்கு முன்னால், நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருகிறாள். (பேசாமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டம்.) கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்ததும் கருவி அளக்கிறது; எண் புளூடூத் வழியாகப் போனிலுள்ள ஆப்பில் ஏறிவிடுகிறது. எட்டு மணிக்கு ஆப் மணியடித்து மாத்திரையை நினைவூட்டும். முதல் மாதம் அந்த மணியை நிறுத்திவிட்டு மாத்திரையை மறந்தாள். எல்லாம் ஆங்கிலம், எழுத்தோ கடுகளவு. பேத்தி தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் வழிக்கு வந்தாள்.

போன மாதம் டாக்டர் அறையில் 158 காட்டியது. மாத்திரையைக் கூட்ட எழுதப்போனவரிடம் அம்மா போனை நீட்டினாள். இரண்டு வாரக் காலை, மாலை எண்களின் சராசரி 131-க்கு 78. வீட்டு அளவுக்கு எல்லை 135-க்கு 85. அந்த 158, டாக்டரைக் கண்டதும் ஏறுகிற பிரஷர். மாத்திரை கூடவில்லை. கூடியிருந்தால், எழுந்து நிற்கையில் கிறுகிறுத்து விழும் வயது அது.

எதிர்வீட்டு மாமாவுக்குக் கருவியே வேண்டாமாம். கேமராவில் விரலை வைத்தால் போன் சொல்லிவிடுமாம். அமெரிக்காவில் 2014-ல் அப்படி ஒரு ஆப் விற்றார்கள். பிறகு சோதித்துப் பார்த்தபோது, பிரஷர் அதிகமுள்ள ஐந்து பேரில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு அது 'சரி' என்று காட்டியிருந்தது. மாமாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

ஸ்மார்ட்போன் இல்லாத அத்தைக்கு வேறு வழி. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார். ஆப்பைவிட அந்தப் பெண்ணின் அதட்டலுக்குத்தான் அத்தை பயப்படுகிறாள்.

அம்மாவின் எண்களைக் கோவையிலிருந்து தங்கையும் பார்க்கிறாள். இரண்டு நாள் எண் வராவிட்டால் போன் செய்துவிடுவாள். என் கணக்கில் ஆப்பின் உபயோகத்தில் பாதி அதுதான். அம்மா அப்பாவுக்கு ஆப் போட்டுக்கொடுத்த பிள்ளைகளே, வாரம் ஒருமுறையாவது அதைத் திறந்து பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வாய் குழறல், கை கால் பலவீனம் இருந்தால், எண் என்ன காட்டினாலும், 108-ஐக் கூப்பிடுங்கள்.