ஒலிம்பிக் தங்கம் வெல்லாத ‘தங்கப் பெண்கள்’... பல்கேரியாவை மிரள வைத்த அணியாக்கிய கோச் நெஷ்கா ரொபேவா!

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்னா ரிப்பன் சுத்துறது மட்டும்தானா? இல்லை. இசைக்கு ஏற்ப உடலை வளைத்துக்கொண்டே கயிறு, வளையம், பந்து, கிளப், ரிப்பன் ஆகியவற்றைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும். ஒருமுறை கைநழுவினாலும் பதக்கம் போச்சு! இந்த விளையாட்டில் 1980-களில் சோவியத் யூனியனுக்கே தண்ணி காட்டிய நாடு பல்கேரியா. அந்த அணியை உருவாக்கியவர், நெஷ்கா ரொபேவா.

யார் இவர்?

1946-ல் பிறந்த ரொபேவா, உலக சாம்பியன்ஷிப்பில் பதக்கம் வென்ற வீராங்கனை. ஆனால், தனிநபர் ஒட்டுமொத்தப் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை. 1969, 1971, 1973 என மூன்று முறையும் அதைத் தட்டிச்சென்றவர், அதே அணியின் மரியா கிகோவா. 1974-ல் ரொபேவா தேசிய அணியின் பயிற்சியாளரானார்.

கோச்சாக என்ன சாதித்தார்?

தனக்கு எட்டாத அந்தப் பட்டத்தை மாணவிகளை வெல்ல வைத்தார். 1981-ல் அனேலியா ராலென்கோவா, 1983, 1985-ல் டிலியானா ஜார்ஜியேவா, 1987-ல் பியான்கா பனோவா என தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்கள். சொந்த மண்ணான வர்னாவில் பனோவா எல்லாச் சுற்றிலும் 10-க்கு 10 வாங்கியது வேற லெவல் சாதனை. ‘தங்கப் பெண்கள்’ என்று ஊடகங்கள் கொண்டாடின.

ஒலிம்பிக்ஸில் என்னாச்சு?

1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் இந்த விளையாட்டு முதன்முறையாக ஒலிம்பிக்ஸில் சேர்க்கப்பட்டது. சோவியத் தலைமையிலான நாடுகள் அந்தப் போட்டியைப் புறக்கணித்ததால், பல்கேரியாவும் போகவில்லை. உச்சத்தில் இருந்த ரொபேவாவின் மாணவிகள் வீட்டில் இருக்க, தங்கம் கனடாவின் லோரி ஃபங்குக்குப் போனது.

1988 சியோலில் அட்ரியானா டுனாவ்ஸ்கா பெற்றது 59.95 புள்ளிகள். சோவியத்தின் மரினா லோபாச் பெற்றது முழு 60. வெறும் 0.05 புள்ளியில் தங்கம் மிஸ்! உலக சாம்பியன் பனோவாவுக்கோ நான்காவது இடம்தான்.

அப்புறம்?

1996 அட்லாண்டாவில் பல்கேரியக் குழுவுக்குக் கிடைத்ததும் வெள்ளிதான். 1999-ல் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகிய ரொபேவா, நடனக் குழு தொடங்கி மேடை நிகழ்ச்சிகள் பக்கம் போய்விட்டார்.

அந்தத் தங்கம் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கிடைத்தது. தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்ஸில் குழுப் பிரிவுத் தங்கத்தை விட்டுக்கொடுக்காத ரஷ்யர்களை பல்கேரியாவின் ஐந்து பெண்கள் வீழ்த்தினார்கள். அப்போது பல்கேரிய ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் தலைவர் இலியானா ராயேவா. ரொபேவா உருவாக்கிய ‘தங்கப் பெண்களில்’ ஒருவர்!