விரல் நுனியில் ஓர் அதிர்வு

ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், கண்நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்தபின், மகனுடன் எங்களிடம் வந்தார். நெடுங்காலம் மளிகைக் கடை நடத்தியவர். "கையில் இருப்பது ஐநூறா, இருநூறா என்று பேரன் சொன்னால்தான் தெரிகிறது, டாக்டர்" என்றார். "இனி எதற்கு?" என்று அவருடைய கைப்பேசியையும் வீட்டார் அலமாரியில் வைத்துவிட்டனர்.

பார்வை இழந்தோருக்குத் தொடுதிரை பயன்படாது என்று பல குடும்பத்தினர் எண்ணுகின்றனர். வழவழப்பான கண்ணாடியில் பொத்தான்களைத் தடவி அறிய இயலாது என்பது உண்மையே. அக்குறையைப் போக்கவே 2009ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக்கும், ஐபோனில் வாய்ஸ்ஓவரும் வந்தன. விரல் எதன்மேல் படுகிறதோ அதன் பெயரை இவை படித்துச் சொல்லும். இருமுறை தட்டினால் அது திறக்கும். டாக்பேக்கில் அதிர்வு வசதியும் உண்டு. விரல் பொத்தானைத் தொட்டவுடன் கைப்பேசி மெல்ல அதிரும். சத்திரம் பேருந்து நிலையத்தின் இரைச்சலில் குரல் கேளாவிடினும் அதிர்வு விரலுக்கு எட்டும்.

இந்திய ரிசர்வ் வங்கி 2020 சனவரி 1 அன்று வெளியிட்ட ‘மணி’ செயலி, கேமரா முன் காட்டப்படும் ரூபாய்த்தாளின் மதிப்பைக் குரலாலும் அதிர்வாலும் அறிவிக்கிறது. பாதியாக மடித்த தாளையும் அறியும். நிறுவியபின் இணையம் தேவையில்லை. எனினும், அது நல்ல தாளா, கள்ளத் தாளா என்று சொல்லாது.

நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு நரம்புகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். உணர்ச்சிக் குறைவு பாதங்களில் தொடங்கி, நாளடைவில் கைவிரல்களுக்கும் பரவக்கூடும். அதிர்வு தெரியவில்லையெனில் கைப்பேசியில் பழுது என்று விட்டுவிடாமல் எங்களிடம் சொல்லுங்கள்; இசைக்கவையைக் கொண்டு சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். இத்தகையோர் குரலையும் அதிர்வையும் சேர்த்தே பயன்படுத்துவது நன்று.

அடுத்த முறை வந்தபோது அம்முதியவர் மருந்தகத்தில் தாமே தாள்களைப் பார்த்தெடுத்துக் கொடுத்தார். மகன் ஓரடி தள்ளி நின்றார்.

குடும்பத்தினரிடம் நாங்கள் வேண்டுவதும் அதுவே. பழகும் நாள்களில் தடுமாற்றம் இருக்கும்; பொறுமையிழந்து கைப்பேசியைப் பிடுங்கி நீங்களே செய்து முடிக்காதீர்கள். கைப்பேசி வாங்க வசதியில்லாதோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, அரசு உதவி குறித்துக் கேட்டறியலாம். பார்வை போனாலும், பணத்தைத் தாமே எண்ணும் உரிமை போக வேண்டியதில்லை.