உங்களுக்குத் தெரியுமா? பிந்தி வந்து முந்திய சில்லுகள்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் கணினிக்கு 'ரேம்' வாங்குகிறீர்களா? அதில் சாம்சங் சில்லு இருக்க நிறைய வாய்ப்புண்டு. அந்த நிறுவனம் 1938இல் கொரியாவின் டேகு நகரில் கருவாடும் நூடில்ஸும் விற்ற வணிகமாகத் தொடங்கியது.

1983 பெப்ரவரியில் அதன் நிறுவுநர் லீ பியுங் சுல், நினைவகச் சில்லுத் தொழிலில் முழுமூச்சாக இறங்குவதாக அறிவித்தார். அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார். அமெரிக்காவும் ஜப்பானும் கோலோச்சிய களம் அது. மைக்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் வடிவமைப்பை விலைகொடுத்து வாங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் 64 கே டிராம் என்ற நினைவகச் சில்லைச் செய்து காட்டிவிட்டார்கள்.

1985இல் சில்லு விலை படுத்துவிட்டது. இன்டெல்லே டிராம் தயாரிப்பைக் கைவிட்டது. சாம்சங்கோ நட்டத்தைச் சுமந்தபடி தொடர்ந்து முதலிட்டது. அதனால் விலை மீண்டும் ஏறியபோது விற்பதற்கு அதனிடம் சரக்கு இருந்தது. லீ 1987இல் காலமானார். 1992இல் உலகின் முதல் 64 எம் டிராமை அவருடைய நிறுவனம் உருவாக்கியது. அந்த நட்டக் காலத்துப் பிடிவாதம்தான் சாம்சங்கை முன்னே கொண்டுவந்தது என்பேன்.

தாய்வானின் டிஎஸ்எம்சி என்ற சில்லு நிறுவனம் இன்னும் பிந்தியது, பிறந்தது 1987இல். தொடங்கிய மொரிஸ் சாங்குக்கு அப்போது 55 வயது. சொந்தப் பெயரில் சில்லு விற்காமல், பிறர் வடிவமைப்பதைச் செய்து கொடுப்பது மட்டுமே அதன் தொழில்.

இந்த வரிசையில் இலங்கைக்கும் ஓரிடம் கிடைத்திருக்கும். மோட்டரோலா, ஹரிஸ் என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் 1980களின் தொடக்கத்தில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் சில்லுத் தொழிற்சாலை அமைக்க முன்வந்திருந்தன. லீ அறிவித்த அதே 1983இன் யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அந்த வன்செயலுக்குப் பின் அந்தத் தொழிற்சாலைகள் வரவேயில்லை. அதில் பறிபோன உயிர்களுக்கு முன் தொழில் இழப்பு பெரிதல்ல. ஆனாலும் வேலைக்குப் போயிருக்கக்கூடிய சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் அனைவரும் இழந்தது அது.

ஒப்பிட்டுப் பார்க்க மலேசியா இருக்கிறது. அதன் பினாங்கில் இன்டெல் 1972இல் கால் பதித்தது. 1975இல் அந்தத் தொழிற்சாலை தீவிபத்தில் எரிந்துபோயிற்று. இன்டெல் போகவில்லை, அங்கேயே திரும்பக் கட்டியது. இன்று உலகச் சில்லுகளைப் பொதியிட்டுச் சோதிக்கும் வேலையில் மலேசியாவின் பங்கு ஏறத்தாழ 13 சதவீதம்.

இலங்கையில் முயற்சி முற்றாக நின்றுவிடவும் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த பராகும் நிறுவனம், சுருக்கிய காணொளியை விரிக்க உதவும் மின்சுற்றுகளை வடிவமைத்திருக்கிறது. வடிவமைப்புக்குப் பெருந்தொழிற்சாலை வேண்டியதில்லை. தேர்ந்த பொறியியலாளர்கள் நாட்டை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.