பழைய ‘கஜினி’ கேம் இன்றைய கணினியில் ஓடுமா?

2008 டிசம்பர் 25-ல் ஆமிர் கான் நடித்த இந்தி ‘கஜினி’ திரைக்கு வந்தது. படத்தையொட்டி ஒரு கணினி கேமும் வந்தது. ஐதராபாத்தின் எஃப்எக்ஸ்லேப்ஸ் நிறுவனம் அதை உருவாக்கியது. ஈராஸ் ஹோம் என்டர்டெயின்மென்ட் சந்தைப்படுத்தியது. ‘இந்தியாவின் முதல் முழுமையான முப்பரிமாண கணினி கேம்’ என்பது அன்றைய விளம்பரம். 2005-ல் சூர்யாவை வைத்துத் தமிழ்ப் படத்தை எடுத்த ஏ.ஆர். முருகதாஸ்தான் இந்திப் படத்தையும் இயக்கினார். ஆக, தமிழ்ப் படமாக வந்த கதை ஒன்று கேமாகவும் ஆனது.

அந்த டிஸ்க் இன்னும் சிலர் வீட்டு அலமாரியில் இருக்கலாம். விண்டோஸ் 11 மடிக்கணினியில் அது ஓடுமா? அந்தக் காலத்து கேம்களைப் பெரும்பாலும் ஓடவைத்துவிடலாம். ஆனால் டிஸ்க் படிக்கும் நிலையில் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். ஈரக்காற்று டிஸ்க்கைக் கெடுக்கும் என்பதால், உப்பளமும் துறைமுகமும் சூழ்ந்த தூத்துக்குடியில் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

என்ன கேம் அது?

மொத்தம் ஐந்து கட்டங்கள். நாயகன் சஞ்சய்யை முதுகுப் பக்கமிருந்து பார்த்தபடி நாம் நடத்திச் செல்ல வேண்டும். கைச்சண்டை, ஆயுதம், கையில் அகப்படும் பொருள் என எல்லாவற்றையும் வைத்து எதிரிகளை வீழ்த்த வேண்டும். அன்றைய விலை 14.99 டாலர். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே ஏற்றது என்று விநியோகஸ்தர்கள் பரிந்துரைத்தார்கள்.

அன்றைய வெளிநாட்டு கேம்களின் பக்கத்தில் வைத்தால் எளிமையானதுதான். ஆனால் இந்தியாவில் ஒரு படத்தை முப்பரிமாண கேமாக மாற்ற முயன்றவர்கள் எங்கே தொடங்கினார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஒரு துறையின் தொடக்க கால வேலைகள் காணாமல் போனால், அதன் வரலாற்றைச் செவிவழிச் செய்தியாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

ஏன் ஓட மறுக்கிறது?

முதல் காரணம் வெளிப்படையானது: இன்றைய மடிக்கணினிகளில் டிஸ்க் போடும் டிரைவே இருப்பதில்லை. யுஎஸ்பி-யில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று போதும், இது தீர்ந்துவிடும்.

இரண்டாவது, விண்டோஸ் மாறிவிட்டது. அன்று வீடுகளில் இருந்தவை எக்ஸ்பி, விஸ்டா. அந்தக் கால கேம்களில் பல, டைரக்ட்எக்ஸ் 9 என்ற வரைகலைத் தொகுப்பை நம்பி எழுதப்பட்டவை. அதற்குத் துணையான டி3டிஎக்ஸ்9 கோப்புகள் இன்றைய விண்டோஸில் தானாக வருவதில்லை. ‘டிஎல்எல் கோப்பு இல்லை’ என்று திரையில் செய்தி வந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது, திருட்டு நகலைத் தடுக்கப் போட்ட பூட்டு. அக்காலத்தில் பல கேம்கள் சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பு முறையோடு விற்கப்பட்டன. அதன் டிரைவரில் ஓட்டை இருந்ததால், 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. பழைய விண்டோஸ்களிலும் அதே ஆண்டு ஒரு அப்டேட் மூலம் முடக்கியது. காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கே இதனால் ஓடாமல் போனது.

நான்காவது, 1990-களின் கேம்களுக்கு உரிய சிக்கல். அவற்றில் பலவற்றின் இன்ஸ்டால் நிரல் 16-பிட் வகை. 64-பிட் விண்டோஸ் அதை நேரடியாக ஓட்டாது. விண்டோஸ் 11-ல் 64-பிட் தவிர வேறு பதிப்பே கிடையாது.

முதலில் நகல், பிறகு விளையாட்டு

டிஸ்க்கைக் கையில் எடுத்ததும் இன்ஸ்டால் செய்யத் தோன்றும். அதற்கு முன் டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சு அரிக்கத் தொடங்கியிருக்கலாம். சிடி-யில் அந்தப் பூச்சு, படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அதனால் அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல் மோசம். டிவிடி-யில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஓரத்தில் ஒட்டு விட்டால் காற்று உள்ளே புகும். ஈரக்காற்று அடிக்கும் ஊரில் ஜன்னலோர அலமாரி இவற்றுக்கு ஏற்ற இடம் அல்ல.

டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்கக் கூடாது. மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பிறகு இம்ஜ்பர்ன் போன்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். விண்டோஸ் 8 முதல் அந்தக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தாலே டிஸ்க் போட்டதுபோல் திறந்துகொள்ளும். பூட்டுள்ள டிஸ்க் என்றால் நகல் முழுமையாக அமையாமல் போகலாம். அப்போதும் உள்ளே இருக்கும் கோப்புகளாவது மிஞ்சும்.

ஓடவைக்கும் வழி

இன்ஸ்டால் செய்யும்போது, விண்டோஸ் தானாகக் காட்டும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தவிர்த்து, சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்று போடுங்கள். பழைய கேம்கள் தம் சேமிப்புக் கோப்பைத் தம் ஃபோல்டரிலேயே எழுதும். விஸ்டா முதல் விண்டோஸ் அதற்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. ‘விளையாடியது சேவ் ஆகவில்லை’ என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்து, மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். விடுபட்ட கோப்புகளை அது கொண்டுவந்துவிடும். டிஎல்எல் கோப்பை மட்டும் தனியாகத் தரும் தளங்கள் பக்கம் போக வேண்டாம்; வைரஸ் வரும் வழி அது.

பிறகு கேமின் ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ஐத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் திரை கறுப்பாகவே நின்றால் டிஜிவூடூ 2 கைகொடுக்கும். கேம் பழைய டைரக்ட்எக்ஸ் மொழியில் கேட்பதை, இன்றைய வரைகலை அட்டைக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் இலவசக் கருவி இது. லினக்ஸில் ஒயினும் டிஎக்ஸ்விகே-யும் இதே வேலையைச் செய்கின்றன. கேம் தலைதெறிக்கும் வேகத்தில் ஓடினால், வரைகலை அட்டையின் அமைப்பில் நொடிக்கு 60 படங்கள் என்று வரம்பு வையுங்கள். எதற்கும் மசியாத கேமுக்கு விர்ச்சுவல் மெஷினில் பழைய விண்டோஸை நிறுவிப் பார்க்கலாம். ஆனால் முப்பரிமாணக் காட்சிகள் அதற்குள் திணறும். எக்ஸ்பி காலத்துப் பழைய மேசைக் கணினி ஒன்று வேலை செய்யும் நிலையில் இருந்தால், இணையத்தில் இணைக்காமல் இதற்கென்றே வைத்துக்கொள்வது நல்ல வழி.

அசலே தொலைந்த கதை

ஹாலிவுட் படமான ‘பிளேட் ரன்னர்’ 1997-ல் வெஸ்ட்வுட் நிறுவனத்தால் கேமாக வந்தது. அதன் மூல நிரல் பிற்பாடு தொலைந்துபோனது. ஸ்கம்விஎம் என்ற தன்னார்வத் திட்டத்தினர், விற்ற டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு கேமின் இயக்கத்தைத் தலைகீழாக ஆராய்ந்து புதிதாக எழுதினார்கள். 2019-ல் அது மீண்டும் விற்பனைக்கே வந்தது. வாங்கியவர்கள் டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது நடந்தது.

எல்லா கேமுக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கைபேசி கேம்களின் நிலை இன்னும் மோசம். 2014-ல் ‘கோச்சடையான்’ படத்துக்கு வந்தது கைபேசி கேம். ஆப்பிள் 2017-ல் ஐஓஎஸ் 11 மூலம் 32-பிட் செயலிகளை மொத்தமாகக் கைவிட்டது. மிகப் பழைய செயலிகளை ஆண்ட்ராய்டு 14 நிறுவவே விடாது. கடையிலிருந்து ஒரு செயலியைத் தூக்கிவிட்டால், அலமாரியில் தேட அதற்கு ஒரு டிஸ்க்கும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-வது பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர், அது அழிந்தாலோ கெட்டாலோ உதவும் என்பதற்காகக் காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. அதை விற்பதும் பலருக்குப் பரப்புவதும் வேறு விஷயம். அதற்கு அனுமதி இல்லை.

அரசுத் தரப்பில்தான் பெரிய இடைவெளி. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, இங்கே அச்சாகும் புத்தகங்களின் பிரதி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். திரைப்படங்களைக் காக்க 1964 முதல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1954 சட்டம் புத்தகத்தையும் பத்திரிகையையும் பேசுகிறது, கேமைப் பேசவில்லை. படம் காப்பகத்தில் இருக்க, அதன் கேம் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியை நம்பி நிற்கிறது.

இந்தக் கரை கண்ட முன்னுதாரணம்

தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைப் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்த நூலை 1963-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது தூத்துக்குடியில் இயங்கிய தமிழ் இலக்கியக் கழகம். அதே அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ நூலையும் 1967-ல் வெளியிட்டது. கடல் கடந்து கிடந்த நூல்கள் தமிழ் வாசகர் கைக்கு மீண்டும் வந்தது, யாரோ ஒருவர் பிரதியைக் காத்ததாலும், இன்னொருவர் நேரத்தோடு நகலெடுத்ததாலும்தான்.

கேமுக்கும் தேவைப்படுவது இதுவே. நம் கல்லூரிகளின் கணினித் துறைகள் இதை மாணவர் திட்டமாகவே எடுக்கலாம்: ஊரில் கிடைக்கும் இந்திய கேம் டிஸ்க்குகளைத் திரட்டுவது, ஐஎஸ்ஓ எடுப்பது, எந்தக் கணினியில் எப்படி ஓடியது என்று தமிழில் குறித்துவைப்பது. வெளி டிரைவ் ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று, பொறுமையுள்ள சில மாணவர்கள் இருந்தால் போதும். உரிமையாளர் நிறுவனம் நாளை மறுவெளியீடு செய்ய நினைத்தாலும், ஆய்வாளர் ஒருவர் கேட்டு வந்தாலும், கொடுப்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல பிரதி இருக்கும்.