உப்புத்தோல் லாரியில் ஒரு 'டொக்'

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் உப்புத்தோல் லாரி ஒன்று நின்று நின்று ஊர்கிறது. ஓட்டுநர் கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் 'டொக்'. வேகம் பிடித்துச் சீராக ஓடினால் சத்தமே இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மறுபடி 'டொக்'.

ஆம்பூர்ப் பக்கம் பட்டறையில் வண்டியை விட்டால், நல்ல மெக்கானிக் "எப்ப கேக்குது?" என்றுதான் முதலில் விசாரிப்பார். எங்கே கேட்கிறது என்பதை நம்பிப் பயனில்லை. இன்ஜின் பக்கத்துச் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் உள்கூடான எஃகுக் குழாய். ஒரு முனையில் அடி விழுந்தாலும் முழுக் குழாயும் மத்தளம்போல் அதிரும்.

அந்த அடி எப்படி விழுகிறது? கியர்ப்பெட்டி, ஷாஃப்டின் முனைகளில் உள்ள கிராஸ், பின்அச்சின் கிரவுன்-பினியன் பற்சக்கரங்கள் எல்லாவற்றிலும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. பற்களுக்கிடையே எண்ணெய் நிற்கவும், சூட்டில் இரும்பு விரியவும் அது வேண்டும். தேய்மானத்தால் அது கூடும்போது, பட்டறை மொழியில் 'ஆட்டம்' வந்துவிடுகிறது. கிளட்சை விட்டதும் முன்பக்கப் பாகங்கள் அந்த வெற்றிடத்தைச் சுமையின்றி ஓடிக் கடந்து, வேகம் சேர்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் மோதுகின்றன. அதுதான் 'டொக்'. காலை எடுத்தால் விசை திசைமாறி மறுபக்கம் மோதும். சீரான ஓட்டத்தில் ஒரே பக்கம் அழுந்தியிருப்பதால் மௌனம்.

இந்தச் சாலையின் சரக்குக்கும் அந்த ஆட்டத்துக்கும் உறவு உண்டு. தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். உப்பு தோலின் நீரை வெளியே இழுக்கிறது; அந்த நீர் லாரித் தளத்தின் இடுக்குகள் வழியே சொட்டுகிறது. சொட்டும் வழியில் கிராஸ் இருக்கிறது: கூட்டல் குறி வடிவ எஃகுத் துண்டு, நான்கு கைகளிலும் நான்கு கப், ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசிபோன்ற உருளைகள். சீல் கிழிந்து உப்புநீர் நுழைந்தால் கிரீஸ் கெடும், ஊசிகள் துருப்பிடிக்கும். கப்பின் ஓரத்தில் செங்கல்நிறத் தூள் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டது.

மீதியைக் கை சொல்லும். டயருக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருக வேண்டும். கிராஸில் கைக்குத் தெரியும் ஆட்டம் துளியும் கூடாது. கிரவுன்-பினியனில் கொஞ்சம் இருக்கலாம்.

தொடர்ந்து தட்டும் சத்தமானால் எண்ணிப் பார்க்கலாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள டயர் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். கிரவுன்-பினியன் விகிதம் ஆறு என்றால் ஷாஃப்ட் ஏறத்தாழ 19 சுற்று. எண்ண முடிகிற தட்டல் சக்கரப் பக்கம். எண்ண முடியாமல் உறுமலாகச் சேர்வது ஷாஃப்ட் பக்கம். கடிகாரமும் காதும் போதும் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கிராஸ் வைத்த இந்த இணைப்பை ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1676இல் சூரியனை நோக்கும் கருவிகள் பற்றிய நூலில் விவரித்தார். கோணத்தில் நிற்கும்போது உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 15 டிகிரி சாய்வில் இந்த வேகம் சராசரியிலிருந்து மேலும் கீழும் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் மாறும். சூரியக் கடிகாரம் வரைய அது உதவுமென்று ஹூக் கண்டார்; லாரிக்கு அது தொல்லை. மறுமுனையில் இன்னொரு கிராஸ் எதிர்மாறாக ஓடி அதைச் சமன்செய்கிறது. ஷாஃப்டைக் கழற்றுமுன் உளியால் ஒரு கோடு இழுத்துக்கொள்வது இதற்காகத்தான்: ஷாஃப்டின் இரு துண்டுகள் பல் கோத்து நகரும் ஸ்லிப் ஜாயின்டில் ஒரு பல் தவறினாலும் அந்தச் சமன் குலையும்.

கோணமே இல்லாவிட்டாலும் கேடு. ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தி எஃகில் பள்ளம் பறிக்கும்.

தோலுக்கும் இந்தச் சத்தத்துக்கும் பழைய உறவொன்றும் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், பற்சக்கரங்களின் இரைச்சலை அடக்கப் பதனிடாத தோலை அடுக்கடுக்காக அழுத்திப் பற்கள் வெட்டினார்கள். முற்காலக் கார்களின் கூம்புக் கிளட்சுகளுக்கும் தோல்தான் உறை.

புது கிராஸ் மாட்டியபின் கிரீஸ் கன்னை அழுத்துகிறார் மெக்கானிக். மூன்று கப்புகளின் ஓரத்தில் கிரீஸ் பிதுங்குகிறது. நான்காவதில் வரவில்லை. கப்பைத் தட்டிச் சற்றே தளர்த்தி, மறுபடி அழுத்துகிறார்.