படி வெட்டிய காலமும் கவ்விப் பிடிக்கும் காலமும்

சென்னை மந்தைவெளியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக் குழாயில், தினமும் விடிகாலை அக்கா மகள் இரண்டு ஐஸ் கோடாலிகளை மாட்டித் தொங்குகிறாள். பிடி வளைந்து, அலகு கீழ்நோக்கிச் சரிந்து, ரம்பம்போல் பல் வைத்தவை. ஜனவரியில் சிம்லா, கின்னௌர் வழியாக ஸ்பிதிக்குப் போகிறாள், உறைந்த அருவியில் ஏற.

நான் முதன்முதலில் ஐஸில் கால் வைத்தது 1984இல். சென்ட்ரலில் ரயிலேறி டெல்லி, பிறகு ரிஷிகேஷ், அங்கிருந்து பஸ்ஸில் உத்தரகாசி. நேரு மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சி, டோக்ரியானி பனியாற்றில். உடம்பில் கடன் வாங்கிய ஸ்வெட்டர். கோடாலிக்கு மரப்பிடி, ஊன்றினால் இடுப்பு வரை வரும். சரிவில் நின்று, ஒரு கையால் வீசி வீசிப் படி வெட்ட வேண்டும். படி உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். வெளியே சாய்ந்தால் கால் நிற்காது. தெறிக்கும் சில்லு கன்னத்தைக் கீறும். பத்துப் படி வெட்டுவதற்குள் தோள் கழன்றுவிடும். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் ஐஸின் குணம் கைக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தை இன்றுவரை நான் பெரிய செல்வமாக நினைக்கிறேன்.

செங்குத்தான அருவியில் படி வெட்டி ஏறுவது ஆகிற காரியமல்ல. காலில் கட்டும் கிராம்பானுக்கு முன்முள் வைத்தவர் இத்தாலியின் லாரன் கிரிவெல், 1929இல். 1960களில் அமெரிக்காவின் ஈவோன் ஷூயினார்டு கோடாலி அலகை வளைத்தார். நேரான அலகு இழுத்தால் நழுவும், வளைந்தது கவ்வும். 1974இல் ஜெஃப் லோவும் மைக் வைஸும் கொலராடோவில் நூறு மீட்டருக்கு மேல் உயரமான பிரைடல் வெயில் அருவியை உறைந்த நிலையில் ஏறி முடித்தார்கள். பத்து வருஷம் கழித்து டோக்ரியானியில் படி வெட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் செய்தியே தெரியாது.

டோக்ரியானியும் அப்படியே இல்லை. 1962க்கும் 1995க்கும் இடையில் அதன் முனை சுமார் 550 மீட்டர் பின்வாங்கியது. நான் படி வெட்டிய இடம் இன்று வெறும் கல்லாகக் கிடக்கலாம். நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அக்காவுக்குப் பயம். 2022 அக்டோபரில் திரௌபதி கா டாண்டா சிகரத்தில் பனிச்சரிவு 27 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். பயம் நியாயமானது. அதனால்தான் கருவிகளோடு காதையும் பழக்கிக்கொள் என்று அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு பட்டினப்பாக்கம் மீன்காரரிடம் ஒரு ஐஸ் பார் வாங்கி, கோணிப்பையில் சுற்றி மாடிக்கு ஏற்றினோம். 1842இல் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரி ஐஸை வைக்கக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், இங்கிருந்து நடக்கிற தூரம்தான். இப்போது ஐஸைத் தேடி நம் பிள்ளை போகிறாள்.

பாரைச் சுவரோரம் நிறுத்தி, அலகை வீசினாள். ‘தொப்’பென்று இறங்கியது.

“மாமா, நல்லா புடிச்சுக்கிச்சு.”

“இது உருகுற ஐஸ், மெத்துனு இருக்கும். அங்க காலைக் குளிர்ல கண்ணாடி மாதிரி சத்தம் வரும், தட்டுத் தட்டா பெயரும். அப்போ என்ன பண்ணுவ?”

“பெயர்ந்ததைத் தட்டி எடுத்துட்டு, அதே எடத்துல இன்னொரு தடவை அடிப்பேன்.”

“அதுக்கு முன்னாடி?”

காதை ஐஸில் வைத்தாள். உள்ளே தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்க.